பூங்காவுக்கு வந்த வானம்



பொது இடங்கள் யாருக்காக என்ற தலைப்பில் எனக்கு முன் பேசியவர்கள் நூலகத்தைப் பற்றியும் விளையாட்டுத் திடலைப் பற்றியும் எடுத்துரைத்தார்கள். நான் பூங்காவை எடுத்துக்கொள்கிறேன். அதுவும் இருட்டிய பிறகு உள்ள பூங்காவை. தொலைநோக்கியைக் கொண்டுவந்து நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு, காசு வாங்காமல் நிலவையும் சனிக்கோளையும் காட்டுகிறார்களே, அந்தக் கூட்டங்களின் வரலாற்றைத்தான் சொல்லப் போகிறேன். இன்று உலகின் பல நகரங்களில் இது நடக்கிறது. ஆனால் இந்த வழக்கம் ஊன்றி வளர்ந்ததில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தக் கதையில் வரும் இருவர் முக்கியமானவர்கள். ஒருவர் சிறைக்குப் போய் வந்த செல்வந்தர். மற்றவர் மடத்திலிருந்து வெளியேற்றப்பட்ட துறவி. இருவருமே ஊர் மெச்சிய உத்தமர்கள் அல்லர். அதனால்தான் இந்தக் கதையைத் தேர்ந்தெடுத்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

தெருவில் தொலைநோக்கி வைப்பது பழைய தொழில். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லண்டன் தெருக்களில் ஒரு பென்னி வாங்கிக்கொண்டு நிலவைக் காட்டியவர்கள் இருந்தார்கள். லண்டன் ஏழைத் தொழிலாளர்களைப் பேட்டி கண்டு எழுதிய ஹென்றி மேஹ்யூ என்ற பத்திரிகையாளர், அப்படிப்பட்ட ஒருவரின் வாழ்க்கையையும் பதிவு செய்திருக்கிறார். அவர் தொழிலால் தையற்காரர். பகலில் ஊசி, இரவில் தொலைநோக்கி. அது பிழைப்பு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் காசு இல்லாதவனுக்கு அங்கே வானம் இல்லை.

காசு வாங்காத வானம் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் நகரில் 1883ஆம் ஆண்டு வந்தது. அந்தோணி ஷபோ என்பவர் கனடாவில் பிறந்து, தங்கம் தேடும் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு வந்து, நகருக்குத் தண்ணீர் வழங்கும் தொழிலில் பெரும் பொருள் ஈட்டியவர். அவர் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நகரத்துக்குக் கொடுத்தார். அதை எங்கே வைத்தார்கள் தெரியுமா? மலையுச்சியில் அல்ல. நகரின் நடுவே இருந்த லாஃபாயெட் சதுக்கம் என்ற பூங்காவில். பொதுமக்கள் இலவசமாகப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. முப்பது ஆண்டுகள் கழித்து நகரம் வளர்ந்து, விளக்குகள் பெருகி, 1915ஆம் ஆண்டில் அந்த நிலையம் குன்றுப் பகுதிக்குக் குடிபெயர வேண்டியதாயிற்று. நகர வெளிச்சத்துக்கும் வானத்துக்கும் உள்ள சண்டை அப்போதே தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இனி அந்தச் செல்வந்தரின் கதை.

கிரிஃபித் ஜெ. கிரிஃபித் 1850ஆம் ஆண்டு வேல்ஸ் நாட்டில் பிறந்தவர். பெயரின் முதற்பகுதியும் கடைசிப் பகுதியும் ஒன்றேதான், அச்சுப்பிழை அல்ல. இளம் வயதிலேயே அமெரிக்காவுக்குச் சென்று, சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றுக்குச் சுரங்கத் தொழில் செய்தியாளராக வேலை பார்த்தார். எந்தச் சுரங்கத்தில் எவ்வளவு இருக்கிறது என்று எழுதப் போனவர், அந்த அறிவைக் கொண்டே பணக்காரர் ஆனார். 1882ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பெரிய பண்ணை நிலத்தை வாங்கினார். 1896ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் அதிலிருந்து 3,015 ஏக்கரை நகரத்துக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக எழுதிக் கொடுத்தார். சாமானிய மக்கள் வந்து இளைப்பாறும் இடமாக அது இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதுதான் இன்றைய கிரிஃபித் பூங்கா.

இதோடு கதை முடிந்திருந்தால் நகருக்கொரு வள்ளல் என்று சிலை வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

1903ஆம் ஆண்டு செப்டம்பரில், சாண்டா மோனிகா கடற்கரையில் உள்ள ஒரு தங்கும் விடுதியில், கிரிஃபித் தம் மனைவி கிறிஸ்டினாவை மண்டியிடச் செய்து துப்பாக்கியால் சுட்டார். தமக்கு நஞ்சு வைக்கச் சதி நடக்கிறது, அதில் மனைவிக்கும் பங்கு இருக்கிறது என்று அவர் தமக்குள் நம்பிக்கொண்டிருந்தார். வெளியே மது அருந்தாதவர் போலக் காட்டிக்கொண்டு, மறைவில் கடுமையாகக் குடித்துவந்தவர் என்பது பிறகு வழக்கில் வெளிவந்தது. கிறிஸ்டினா கடைசி நொடியில் தலையைத் திருப்பியதால் உயிர் தப்பினார். சன்னல் வழியே குதித்து ஓடினார். ஆனால் ஒரு கண்ணை இழந்தார். வழக்கில் கிரிஃபித்தின் வழக்கறிஞர் குடிவெறியால் வந்த பித்து என்று வாதாடினார். தண்டனை இரண்டு ஆண்டு. சான் குவெண்டின் சிறையில் அதையும் முழுதாக அனுபவிக்காமல் 1906ஆம் ஆண்டின் இறுதியில் வெளியே வந்துவிட்டார். கிறிஸ்டினாவுக்கு மணவிலக்கு கிடைத்தது. நீதிபதி அதற்கு எடுத்துக்கொண்டது சில நிமிடங்களே.

கண்ணைப் பறித்தவர் கண்ணுக்கு விருந்து வைக்க நினைத்தார் என்பதுதான் அடுத்த கட்டம். லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே மவுண்ட் வில்சன் மலையில் 1908ஆம் ஆண்டு அறுபது அங்குலத் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது. அன்றைய உலகில் செயல்பட்டவற்றுள் அதுவே பெரியது. கிரிஃபித் அதன் வழியே பார்த்தார். மனிதர்கள் எல்லாரும் இதன் வழியே ஒருமுறை பார்த்துவிட்டால் உலகமே மாறிவிடும் என்ற பொருள்பட அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது. 1912ஆம் ஆண்டு டிசம்பரில், பூங்காவில் பொதுமக்களுக்கான வானாய்வகம் கட்ட 100,000 டாலர் தருகிறேன் என்று நகருக்கு எழுதினார்.

நகர மன்றம் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தது. பொதுமக்களில் பலர் தயாராக இல்லை. மனைவியைச் சுட்டவனின் பணத்தை நகரம் கைநீட்டி வாங்கலாமா, காசு கொடுத்துப் பாவத்தைக் கழுவப் பார்க்கிறானா என்று எதிர்ப்பு கிளம்பியது. பூங்கா நிர்வாகத்தினர் விடாப்பிடியாகத் தடுத்தார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போனது. தம் வாழ்நாளில் இது நடக்காது என்று கிரிஃபித்துக்குப் புரிந்துவிட்டது. உயிலில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டு 1919ஆம் ஆண்டு ஜூலையில் காலமானார்.

இங்கே சற்று நிற்கலாம். இந்தக் கேள்வி நம் கோயில்களிலும் சங்கங்களிலும் அடிக்கடி எழுகிற கேள்வி. நன்கொடை நோட்டீசில் பெயர் போடும்போது முணுமுணுப்பு வருவதில்லையா? என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். எதிர்த்தவர்கள் எதிர்த்தது சரி. அவர்கள் எதிர்க்காமல் இருந்திருந்தால், அந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே மேடையேறி மாலை வாங்கியிருப்பார். பிறகு வாங்கிக்கொண்டதும் சரி. உயிலில் இருந்த பணம் அவருக்கு மரியாதை தேடித்தர இனி முடியாது, பிள்ளைகளுக்கு நிலவைக் காட்ட முடியும். ஒன்றே ஒன்றுதான் எனக்கு நெருடுகிறது. பூங்காவுக்கு அவர் பெயர், வானாய்வகத்துக்கும் அவர் பெயர். கிறிஸ்டினா என்ற பெயர் அங்கே வரும் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உயிலில் அவர் கேட்டவை மூன்று: பொதுமக்கள் பார்க்க ஒரு தொலைநோக்கி, அறிவியல் கூடம், கல்விப் படங்கள் காட்ட ஒரு திரையரங்கு. இடையில் ஜெர்மனியில் கோளரங்கக் கருவி கண்டுபிடிக்கப்பட்டதால் திரையரங்கு கோளரங்கமாக மாறியது. நுழைவு இலவசமாக இருக்க வேண்டும் என்பதும் அவர் விருப்பம். கட்டடவேலை 1933ஆம் ஆண்டு ஜூனில் தொடங்கியது. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தள்ளாடிய நேரம் அது. பொருள்களின் விலை இறங்கியிருந்ததால் நல்ல கல்லும் செம்பும் மலிவாகக் கிடைத்தன. அதே ஆண்டு மார்ச்சில் லாங் பீச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தைப் பார்த்துவிட்டுச் சுவர்களை மேலும் கனமாக்கினார்கள். முன்புறம் கலிலியோ, கெப்லர், நியூட்டன் உள்ளிட்ட ஆறு வானியலாளர்களின் உருவங்களோடு நிற்கும் தூண், வேலையில்லாச் சிற்பிகளுக்கு வேலை கொடுக்க அரசு நடத்திய திட்டத்தில் உருவானது.

1935ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் திறந்தார்கள். முதல் ஐந்து நாளில் 13,000க்கும் அதிகமானோர் வந்தார்கள். பிற்காலத்தில் போர் விமானிகளும் நிலவுக்குப் போகவிருந்த விண்வெளி வீரர்களும் அங்கே நட்சத்திரப் பாடம் படித்தார்கள், ஜேம்ஸ் டீன் படமும் அங்கே எடுக்கப்பட்டது. அவையெல்லாம் சுற்றுலாக் கையேட்டில் கிடைக்கும். நான் சொல்ல விரும்புவது கூரைமேல் உள்ள பன்னிரண்டு அங்குலத் தொலைநோக்கியைப் பற்றி. அதை ஆராய்ச்சிக்காக அங்கே வைக்கவில்லை. எந்தப் பேராசிரியரும் நேரம் ஒதுக்கிக் கேட்டு அதன்முன் உட்கார வேண்டியதில்லை. வரிசையில் வருகிறவர் ஒவ்வொருவராகக் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நகர்வதற்கென்றே வைத்த கருவி. இதுவரை 7 மில்லியனுக்கும் மேற்பட்டோர் பார்த்திருக்கிறார்கள் என்றும், உலகில் வேறெந்தத் தொலைநோக்கி வழியாகவும் இத்தனை பேர் பார்த்ததில்லை என்றும் அந்த நிலையம் கூறுகிறது.

நேயர்களே, தொலைக்காட்சியில் வேலை பார்க்கும் நான் இதைச் சொல்வது சற்று வேடிக்கையாக இருக்கலாம். ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த சனிக்கோளின் படத்தை நாங்கள் செய்தியில் காட்டினால், அது பூங்காவில் தெரிவதைவிட நூறு மடங்கு தெளிவு. பூங்காவில் தெரிவது சட்டைப் பொத்தான் அளவுகூட இல்லாத, லேசாக நடுங்கும் ஓர் உருவம். ஆனாலும் அதைப் பார்த்தவர்கள்தான் வாயைப் பிளக்கிறார்கள். தொலைநோக்கிக்குள் படம் ஏதும் ஒட்டிவைத்திருக்கிறீர்களா என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டாம். கொஞ்ச நேரத்தில் உருவம் ஓரமாக நகர்ந்து மறைந்துவிடும். கருவியை யாரும் அசைக்கவில்லையே என்றால், நகர்ந்தது நீங்கள் நிற்கும் பூமி என்பார்கள். பள்ளியில் படித்த பூமியின் சுழற்சியைக் கண்ணாரப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. எங்கள் திரையில் அந்த ஒளி பல கைகள் மாறி வருகிறது. அங்கே சனியில் பட்ட சூரிய ஒளி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்து, நேராக உங்கள் கண்ணில் விழுகிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டவர்தான் அந்தத் துறவி.

ஜான் டாப்சன் 1915ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் பிறந்தவர். பெற்றோர் கிறிஸ்துவ சமய ஊழியர்கள். பன்னிரண்டு வயது வாக்கில் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவுக்குத் திரும்பியது. இளைஞராக இருந்தபோது நாத்திகம் பேசினார். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். சுவாமி அசோகானந்தரின் சொற்பொழிவைக் கேட்டவர், 1944ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாகச் சேர்ந்துவிட்டார். நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த அதே இராமகிருஷ்ண இயக்கம்தான். உலகத்தைப் பற்றி அறிவியல் சொல்வதையும் வேதாந்தம் சொல்வதையும் இணைத்துப் பார்ப்பது அவருக்கு மடத்தில் கிடைத்த வேலைகளில் ஒன்று.

வானத்தைப் பற்றி யோசிக்க வேண்டுமானால் வானத்தைப் பார்க்க வேண்டாமா? துறவியின் கையில் காசு ஏது? கப்பல் சன்னலுக்கான தடித்த வட்டக் கண்ணாடியை வாங்கி, கையாலேயே தேய்த்துக் குழியாக்கி, பன்னிரண்டு அங்குல ஆடி செய்தார். அதில் நிலவைப் பார்த்ததும், இதை எல்லோரும் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியதாகப் பின்னாளில் சொன்னார். சாக்ரமெண்டோ ஆசிரமத்துக்கு மாற்றப்பட்ட பிறகு இரவில் தொலைநோக்கியைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போவார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடிவிடுவார்கள். மடத்துக்கு இது உவப்பாக இல்லை. நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் தொலைநோக்கி என்று எழுதாமல் ஜெரேனியம் பூச்செடி என்று எழுதினார் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். பூத்துவிட்டது என்றால் ஆடிக்கு முலாம் பூசியாயிற்று என்று பொருள்! கடைசியில் 1967ஆம் ஆண்டு, மடத்துக் கடமைகளை விட்டுவிட்டு வெளியே திரிகிறார் என்ற குற்றச்சாட்டில் வெளியேற்றப்பட்டார். 23 ஆண்டு வாழ்ந்த இடம். வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. கையில் ஒன்றுமில்லை.

மடத்தின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. துறவு என்றால் கட்டுப்பாடு. ஒருவருக்குத் தளர்த்தினால் நாளை பத்துப் பேர் கேட்பார்கள். டாப்சனும் மடத்தைத் தூற்றிக்கொண்டு திரியவில்லை. பிற்காலத்தில் ஆண்டில் சில மாதங்கள் ஹாலிவுட் வேதாந்த சங்கத்தில் தங்கி வகுப்பெடுத்தார்.

வெளியேறியவர் சான் பிரான்சிஸ்கோவில் ஜாக்சன் தெருவும் புரோடெரிக் தெருவும் சந்திக்கும் முனையில் தொலைநோக்கியை நிறுத்தினார். அடுத்த ஆண்டு, 1968இல், நடைபாதை வானியலாளர் குழு பிறந்தது. தானே தொலைநோக்கி செய்த ஒரு சிறுவனுக்கு, வயது போதாது என்று நகரின் வானியல் சங்கத்தில் இடம் கிடைக்காததும் அதற்கு ஒரு காரணம். இந்தக் குழுவில் வயது வரம்பு இல்லை, சந்தா இல்லை. பழைய வாகனம் ஒன்றில் பெரிய தொலைநோக்கிகளை ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காக்களுக்கும் போனார்கள். ஒரு பூங்கா அதிகாரி, வானம் இந்தப் பூங்காவைச் சேர்ந்ததல்லவே என்று தடுத்தாராம். உண்மைதான், ஆனால் இந்தப் பூங்கா வானத்தைச் சேர்ந்தது என்றாராம் டாப்சன்.

அவர் செய்த கருவியின் சூட்சுமம் எளிமை. அதுவரை பெரிய தொலைநோக்கி என்றால் கனத்த இரும்புத் தாங்கி, பல்சக்கரம், மோட்டார் என்று விலை எட்டாத உயரத்தில் இருந்தது. டாப்சன் கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் அட்டைக் குழாயை எடுத்தார். ஒட்டுப்பலகையில் பெட்டி செய்தார். வழுக்கிக்கொண்டு திரும்புவதற்கு டெஃப்லான் துண்டுகளை வைத்தார். மேலும் கீழும், இடமும் வலமும் கையால் தள்ளினால் போதும். இன்று உலகெங்கும் அதை டாப்சோனியன் என்றே அழைக்கிறார்கள். அவர் காப்புரிமை வாங்கவில்லை, அதை வைத்துச் சம்பாதிக்கவும் இல்லை. அண்டம் எப்படித் தோன்றியது என்பதில் அவர் பெருவெடிப்புக் கொள்கையை ஏற்காமல் தமக்கென்று ஒரு விளக்கம் வைத்திருந்தார். அறிவியலாளர்கள் அதை ஏற்கவில்லை. அதில் அவர்கள் பக்கம்தான் ஆதாரம் இருக்கிறது. ஆனால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தது அவருடைய கொள்கையை அல்ல, நிலவை. 2014ஆம் ஆண்டு ஜனவரியில், 98ஆவது வயதில் காலமானார்.

இப்போது வெளிச்சத்துக்கு வருகிறேன். 1994ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் அதிகாலை நான்கரை மணியளவில் லாஸ் ஏஞ்சலிஸின் நார்த்ரிட்ஜ் பகுதியில் கடும் நிலநடுக்கம். நகரில் மின்சாரம் போய்விட்டது. தெருவுக்கு ஓடி வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நிலநடுக்கத்தால் வானத்துக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கிரிஃபித் வானாய்வகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர். அவர்கள் கண்டது வேறொன்றுமில்லை, நட்சத்திரங்கள்! நாம் சிரிக்க வேண்டாம். 2016ஆம் ஆண்டு வெளிவந்த உலக ஒளி மாசு வரைபடத்தில் முதலிடம் நம் சிங்கப்பூருக்குத்தான். கண் முழுமையாக இருட்டுக்குப் பழகவே முடியாத வானத்தின் கீழ் இங்குள்ள மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்றது அந்த ஆய்வு.

அப்படியானால் நகரப் பூங்காவில் என்னதான் தெரியும்? மங்கலாகப் பரவிக் கிடக்கும் பால்வெளியும் விண்மீன் மண்டலங்களும் தெரியாது. ஆனால் நிலவு, வியாழன், சனி போன்ற பிரகாசமானவற்றைத் தெருவிளக்கு மறைக்க முடியாது. நிலவைப் பார்க்கப் பௌர்ணமி உகந்ததல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அன்று சூரிய ஒளி நேராக விழுவதால் நிழலே இல்லை, எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை அட்டமியை ஒட்டிய நாட்களில் ஒளியும் இருளும் சந்திக்கும் விளிம்பில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். மலைகள் கண்முன் எழுந்து நிற்கும். பொழுது சாய்ந்ததுமே நிலவு உச்சியில் இருப்பதால் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்குமுன் காட்டிவிடலாம். இத்தகைய கூட்டங்களைப் பெரும்பாலும் அந்த நாட்களில் வைப்பதற்கு இதுதான் காரணம்.

இலவசம் என்பது ஒருமுறை எழுதிவைத்தால் தானாக நிலைத்துவிடுவதில்லை. கிரிஃபித் வானாய்வகம் 2002ஆம் ஆண்டு ஜனவரியில் மூடப்பட்டு, 93 மில்லியன் டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு நவம்பரில் திறந்தது. முன்புறப் புல்வெளி கெடக்கூடாது என்று புதிய கூடங்களை அதன் அடியில் தோண்டிக் கட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் திறந்த பிறகு சுமார் ஓராண்டுக்கு, கூட்டத்தைக் கட்டுப்படுத்த முன்பதிவு முறை வந்தது. கட்டணம் கொடுத்துப் பேருந்தில்தான் போக வேண்டும். உள்ளே நுழைய இலவசம், நுழைவாசல் வரை போகக் காசு! குடும்பத்தோடு வருபவருக்கு இது என்ன இலவசம் என்று முணுமுணுத்தவர்களைக் குறை சொல்ல முடியுமா? பிறகு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. கொவிட்-19 காலத்தில் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் மீண்டும் மூடி, 2021ஆம் ஆண்டில் திறந்தார்கள்.

இன்று மாதத்தில் ஒரு சனிக்கிழமை அந்தப் புல்வெளியில் நட்சத்திர விருந்து என்ற பெயரில் கூட்டம் நடக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் வானியல் சங்கத்தினரும், டாப்சன் வழிவந்த நடைபாதை வானியலாளர்களும் தங்கள் சொந்தத் தொலைநோக்கிகளைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்துகிறார்கள். பகலில் தகுந்த வடிகட்டியோடு சூரியனைக் காட்டுவார்கள், இரவில் நிலவும் கோள்களும். கோளரங்கக் காட்சிக்குச் சீட்டு வாங்க வேண்டும். தொலைநோக்கிக்கு வேண்டியதில்லை. கூரைமேல் உள்ள பன்னிரண்டு அங்குலக் கருவியில் பார்க்க விரும்புகிறவர்கள் மட்டும் இரவு ஒன்பதரை மணிக்குள் வரிசையில் நின்றுவிட வேண்டும்.